குல்மார்க்கில் பனிப்புயலும் பனிச்சரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகும் தமிழர்களில் பெரும்பாலோர் புல்வெளியில் பனியை அள்ளி விளையாடிவிட்டு, கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் ஏறி இறங்கித் திரும்பிவிடுகிறார்கள். வேறு சிலர் பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டு, அடுத்த பயணத்திலேயே சறுக்குப் பகுதியின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே இருக்கும், யாரும் மிதிக்காத பனியைத் தேடிப் புறப்படுகிறார்கள். இந்தப் பக்கம் முதலில் அவர்களுக்காக எழுதப்பட்டது. சறுக்காதவர்களுக்கும் இதில் இரண்டு மூன்று பதில்கள் உண்டு.

குல்மார்க்கில் பனிச்சரிவு உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆபத்தா?

ஆம். 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க் பகுதியில் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் மீது பனி சரிந்து 17 பேர் இறந்தார்கள். பனிமலைப் போர்முறையைக் கற்றுத்தரும் ராணுவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். மலையை அறியாத சுற்றுலாப் பயணிகள் மட்டுமே மாட்டிக்கொள்வார்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும். 2023 பிப்ரவரி 1 அன்று குல்மார்க்குக்கு மேலே நிற்கும் அபர்வாட் மலையின் ஹாபத்குட் பகுதியில் போலந்து நாட்டைச் சேர்ந்த இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர் இறந்தார்.

இந்த மலைக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. குல்மார்க் புல்வெளி ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலாவின் முதல் கட்டம் கோங்டோரி வரையிலும், 2005இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம் அபர்வாட்டின் தோளில் 3,900 மீட்டருக்கு மேலும் கொண்டுபோய் விடுகிறது. காலைச் சிற்றுண்டி முடித்த கையோடு கிளம்பினால், பனி பிளந்து சரியத் தொடங்கும் உயரத்தில் போய் நின்றுவிடலாம். நடந்தே ஏறுகிறவருக்கு வழிநெடுகப் பனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வரும்: காலடியில் எழும் சத்தம், காற்று எந்தப் பக்கம் குவித்திருக்கிறது, எங்கே விரிசல் ஓடுகிறது என்பதெல்லாம் தெரியும். கேபினில் போகிறவருக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை.

பனிப்புயல் எப்போது வரும்?

காஷ்மீரின் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கு நோக்கி நகரும் காற்றழுத்தக் கலக்கங்கள். வானிலை அறிக்கைகளில் ‘மேற்கத்திய இடையூறு’ என்று வருவது இதுதான். நம் வடகிழக்குப் பருவமழையோடு இதற்கு உறவில்லை. டிசம்பர் 21இல் தொடங்கி நாற்பது நாள் நீளும் கடுங்குளிர்க் காலத்தைக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்பார்கள். அதற்குப் பின் இருபது நாள் சில்லாய் குர்த், பத்து நாள் சில்லாய் பச்சா. குளிர் உச்சத்தில் இருப்பது முதல் நாற்பது நாளில். ஆனால் மேலே பார்த்த மூன்று விபத்துகளும் பிப்ரவரியில் நடந்தவை. சில்லாய் கலான் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பனி ஏன் சரிகிறது? மேலே கிடப்பது அப்படியே உறைந்து கெட்டிப்பட்டுவிடாதா?

மலைமேல் பனி ஒரே பொழுதில் விழுந்த ஒரே பொருளாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. இடையில் வெயில் அடித்தால் மேற்பரப்பு உருகி, இரவில் மீண்டும் உறைந்து வழுக்கலான ஓடாகிவிடும். தெளிந்த குளிர் இரவுகளில் மேற்பரப்பில் மெல்லிய படிகங்கள் பூத்து நிற்கும். பருவத் தொடக்கத்தில் விழும் மெலிந்த பனி, பல வாரம் வெறுமனே குளிரில் கிடந்தால், அதன் அடிப்பகுதி ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய மணிகளாக மாறிவிடும். கையில் அள்ளினால் சீனிபோல் விரலிடுக்கில் உதிரும்.

இந்த உதிரி அடுக்கின்மேல் புயல் வந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் புதுப்பனியைப் போட்டுவிட்டுப் போகிறது. புதுப்பனி தனக்குள் பிணைந்து ஒரு பாளமாகிறது. அடியில் பிடிப்பில்லை, மேலே எடை இருக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் சறுக்குப் பலகையோடு குறுக்கே போனால், அவர் எடை கீழே உள்ள அடுக்கை நொறுக்குகிறது. நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் பரவி, பாளம் முழுவதும் ஒரே வீச்சில் கழன்று இறங்குகிறது. விரிசல் பெரும்பாலும் அவருக்கு மேலே விழும். அவர் பாளத்தின் நடுவில் நின்றுகொண்டிருப்பார். உலர்ந்த பனிப்பாளம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடிக்கும். சறுக்கி முந்திவிடலாம் என்ற எண்ணம் காணொளிகளில் மட்டும் பலிக்கும்.

பனிச்சரிவில் சிக்கும் சறுக்காளர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைத் தூண்டியது அவரேதான் அல்லது அவருடன் வந்த ஒருவர். மலை அவர்களைத் தேடி வந்து விழவில்லை. கேட்கக் கசப்பாக இருந்தாலும் இதில் ஓர் ஆறுதல் உண்டு: அந்தச் சரிவில் காலை வைக்காமல் இருந்தால், அநேகமாக அது நடக்காது.

புயல் ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டது. இனிப் போகலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். போகாதீர்கள்.

2023 ஜனவரி 30 பலருக்கு நினைவிருக்கலாம். கன்னியாகுமரியில் தொடங்கிய ராகுல் காந்தியின் நடைப்பயணம் ஸ்ரீநகரில் கொட்டும் பனியில் முடிந்த நாள் அது. தலையிலும் தோளிலும் பனி படிய அவர் பேசியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அதே பொழிவு அபர்வாட்டிலும் விழுந்தது. போலந்துக்காரர்கள் இறந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து.

2024 இன்னும் தெளிவான பாடம். அந்த ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லை. பழுப்பேறிய புல்வெளிப் படங்கள் நாளிதழ்களில் வந்தன, அறைகளை ரத்து செய்தார்கள். பிறகு தாமதமாகப் பனி வந்து, பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் பெருமளவு கொட்டியது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் கீழே நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், 22ஆம் தேதி, மேலே சரிவு நிகழ்ந்தது. மெலிந்த பழைய பனி, பல வாரக் குளிர், அதன்மேல் திடீரென்று பெரும் பாரம் என்ற வரிசையைக் கண்டாலே பனி அறிந்தவர்கள் கவலைப்படுவார்கள்.

புயல் அடிக்கும்போது கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஓடாது. எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாது. அதனால் யாரும் மேலே இருக்க மாட்டார்கள். புயல் ஓய்ந்த முதல் நீலவானக் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே ஏறுகிறார்கள். பனி அப்போதுதான் மிகவும் அழகாக இருக்கும், தூளாக, தடமே இல்லாமல். பாளம் கீழ் அடுக்கோடு இன்னும் பிணைந்திருக்காது. குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், செங்குத்தான சரிவுகளை விட்டுவிடுங்கள். அடியில் உதிரி அடுக்கு இருக்கும் ஆண்டென்றால் இரண்டு நாளும் போதாது. அந்த அடுக்கு பல வாரம் அப்படியே காத்திருக்கும்.

எவ்வளவு பனி விழுந்தால் ஆபத்து என்று கணக்கு உண்டா?

24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் என்பது உலகெங்கும் மலைக்காரர்கள் கையாளும் எச்சரிக்கைக் கோடு. மொத்தத்தைவிட வேகம் முக்கியம். அதே அளவு பனி நான்கு நாளில் மெல்ல விழுந்தால் கீழ் அடுக்கு தாங்கிப் பழகிக்கொள்ள வாய்ப்புண்டு. ஒரே இரவில் விழுந்தால் இல்லை. புயல் குளிராகத் தொடங்கி, போகப் போக வெப்பம் ஏறினால் இன்னும் மோசம்: அடியில் இலேசான பனியும் மேலே கனத்த பனியும் அமைந்துவிடும்.

ஆனால் அளவுகோலை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் காற்றை மறந்தவர்கள். வானத்திலிருந்து ஒரு செதில்கூட விழாத நாளிலும் காற்று மலையின் ஒரு பக்கத்திலிருந்து பனியைச் சுரண்டி மறுபக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். விடுதி முற்றத்தில் 20 சென்டிமீட்டர் கிடக்கும்போது முகட்டின் காற்றொதுக்கப் பக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் குவிந்திருக்கலாம். முகட்டிலிருந்து வெண்புகை பறப்பதைக் கீழேயிருந்து பார்த்தால், படம் எடுத்துக்கொள்ளுங்கள்; அன்றைக்கு அதன் ஒதுக்குப் பக்கத்துக்குப் போகாதீர்கள். முகட்டுக்கு வெளியே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பனி விளிம்பின்மேல் எந்த நாளிலும் நிற்கக் கூடாது.

எந்தச் சரிவு ஆபத்தானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோணத்தை அளந்து பாருங்கள். பாளமாகக் கழலும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைக்குள் தொடங்குகின்றன; 38 பாகையை ஒட்டிய சரிவுகள் மிக மோசம். சறுக்காளர்கள் ஆசைப்படும் சரிவுகளும் அதே கோணத்தில்தான் இருக்கின்றன. கைப்பேசியில் கோணம் காட்டும் வசதி உண்டு, அதைப் பழகிக்கொள்ளுங்கள். கண்ணளவில் சொல்லப்படும் கோணத்தை, என்னுடையது உட்பட, நம்ப முடியாது.

30 பாகைக்குக் குறைந்த சரிவில் நின்றால் மட்டும் போதாது. தலைக்கு மேலே செங்குத்தான சரிவு தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. நீங்கள் தட்டையான இடத்தில் நின்று கீழ் அடுக்கை நொறுக்கினால், மேலே உள்ள பாளம் உங்கள்மேல் வந்து விழ முடியும். நிற்கும் இடத்திலிருந்து சரிவின் உச்சியை நோக்கிக் கோணம் அளந்தால் 25 பாகைக்கு மேல் வருகிறதா? பனி எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சரிவுகள் அதையும் தாண்டி ஓடும்.

ஓடைப் பள்ளங்கள் தனிக் கண்ணி. சிறிய சரிவுகூட அங்கே ஆழமாகக் குவிந்து ஆளைப் புதைத்துவிடும்.

மரங்கள் இருக்கும் இடம் பாதுகாப்பானதா?

அடர்ந்த காடு பனியைப் பிடித்து நிறுத்தும். ஆனால் சறுக்கிப் போக இடைவெளி இருக்கும் அளவுக்கு மரங்கள் விலகி நின்றால், பனி போகவும் இடைவெளி இருக்கிறது. அடிபட்டுச் சாகும் வாய்ப்பு அங்கே கூடுதல். மரங்களில் சரிவின் உச்சியைப் பார்த்த பக்கத்துக் கிளைகள் மட்டும் ஒடிந்து, அடிவாரத்தைப் பார்த்த பக்கத்துக் கிளைகள் நலமாக இருந்தால், அது பழைய சரிவின் பாதை.

மலை முன்கூட்டியே எச்சரிக்குமா?

பல நேரம் எச்சரிக்கும். காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கும் சத்தம், சறுக்குப் பலகையின் முனையிலிருந்து விரிசல் கோடுபோட்டு ஓடுவது, எதிர்ச்சரிவில் அன்றோ முந்தின நாளோ விழுந்த புதிய சரிவு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே திரும்பிவிட வேண்டும். வட்டமாக நின்று விவாதிக்கும் நேரம் அல்ல அது.

எச்சரிக்காமலும் விழும். அறிகுறி இல்லை என்பது அனுமதிச் சீட்டு அல்ல.

நேற்று அந்தச் சரிவில் பலர் போய் வந்தார்களே?

பத்துப் பேர் போன தடத்தில் பதினோராவது ஆள் கழற்றிவிட்டது நடந்திருக்கிறது. பாளம் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. தடிமனான இடத்தில் போனவர்களின் எடை கீழ் அடுக்கை எட்டியிருக்காது. பாறை ஓரத்தில், பனி மெலிந்த இடத்தில் ஒருவர் மிதித்ததும் எட்டிவிடும். ‘நேற்றுகூடப் போனோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது நேற்றைய செய்தி, இடையில் இரவெல்லாம் காற்று அடித்திருக்கிறது.

அரசு எச்சரிக்கை வெளியிடுமா? அதை எப்படிப் படிப்பது?

பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின்கீழ் சண்டிகரில் இயங்கும் பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. மணாலியில் 1969இல் தொடங்கிய பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் வாரிசு இது. ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த அறிவிப்பை மாவட்ட வாரியாக, ‘அடுத்த 24 மணி நேரத்தில், இத்தனை மீட்டருக்கு மேல், நடுத்தர ஆபத்து’ என்ற பாணியில் வெளியிடும். குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில் வருகிறது.

இதைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள். முதலாவது, அது ஒரு மாவட்டத்துக்கான அறிவிப்பு. நீங்கள் நிற்கும் சரிவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இரண்டாவது, ‘நடுத்தரம்’ என்ற சொல் மனத்தை ஆற்றிவிடும். ஐரோப்பாவில் ஐந்து படி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் சறுக்காளர்கள் அதிகம் இறப்பது நான்காம் ஐந்தாம் படிகளில் அல்ல, நடுவில் இருக்கும் மூன்றாம் படியில். உச்ச எச்சரிக்கை வந்தால் யாரும் போவதில்லை. நடுவில் இருந்தால் ‘பார்த்துப் போகலாம்’ என்று போகிறார்கள்.

சத்தம் போட்டால் பனி சரியுமா?

சரியாது. மனிதக் குரலுக்கு அந்த வலு இல்லை. ஆபத்து என்றால் தாராளமாகக் கத்துங்கள், கத்தவும் வேண்டும்.

நாங்கள் சறுக்கப் போவதில்லை. கோண்டோலாவில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்குவோம். எங்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

நிலையத்தைச் சுற்றிக் குறிக்கப்பட்ட இடத்திலேயே நின்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கயிற்றைத் தாண்டி, ‘இன்னும் கொஞ்சம் மேலே போனால் காட்சி நன்றாக இருக்கும்’ என்று ஒருவர் அழைத்துப்போகும்போதுதான் கதை மாறுகிறது. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில், நாதுலா போகும் சாலையில், ஏழு சுற்றுலாப் பயணிகள் பனிச்சரிவில் இறந்தார்கள். அவர்கள் மலையேற வந்தவர்கள் அல்லர். 13ஆம் மைல் வரை மட்டுமே அனுமதி இருந்தது. விபத்து நடந்தது அதைத் தாண்டிய இடத்தில்.

காஷ்மீரில் இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். 6.5 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டதிலிருந்து சோன்மார்க்குக்குக் குளிர்காலத்திலும் கார் போகிறது. முன்பு குளிர்காலத்தில் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடந்த ஊர் அது. அப்படிக் கிடந்ததற்குக் காரணமே அந்த வழியில் விழும் பனிச்சரிவுகள்தான். சுரங்கம் சாலையைக் காப்பாற்றியிருக்கிறது. ஊரைச் சுற்றி நிற்கும் சரிவுகள் அப்படியே இருக்கின்றன. கனத்த பொழிவுக்குப் பிறகு அங்கே வண்டியை நிறுத்தி ஓரமாக நின்று தேநீர் குடிப்பதற்கு முன், தலைநிமிர்ந்து மேலே பாருங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

மூன்று. அதில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை. உடலோடு கட்டிக்கொள்ளும் டிரான்ஸீவர்: எப்போதும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும், தேட வேண்டிய நேரத்தில் தேடும் நிலைக்கு மாற்றலாம். உலகெங்கும் ஒரே 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை என்பதால் எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றதோடு பேசும். அடுத்தது, பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பு. மூன்றாவது, உலோக மண்வாரி. பிளாஸ்டிக் மண்வாரி இறுகிய பனியில் உடைந்துவிடும்.

இவை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். உங்கள் கருவி உங்களைக் காப்பாற்றாது. உங்கள் நண்பரிடம் இருப்பதுதான் உங்களைக் காப்பாற்றும். ஆகவே, அவருக்கு அதைப் பயன்படுத்தத் தெரியுமா என்பது உங்கள் பிரச்சினை. குல்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்கியதும் மின்கல அளவைப் பார்த்து, புல்வெளியில் ஒரு பையைப் புதைத்து ஒரு மணி நேரமாவது தேடிப் பழகுங்கள். கைப்பேசியை டிரான்ஸீவரிலிருந்து தள்ளி, வேறு பையில் வையுங்கள். தேடும்போது அணைத்துவிடுங்கள், அது சமிக்ஞையைக் குழப்பும்.

பிடியை இழுத்தால் ஊதிக்கொள்ளும் காற்றுப்பை உள்ள முதுகுப்பை, புதைந்துபோகும் வாய்ப்பைக் குறைக்கும். மரத்திலோ பாறையிலோ மோதினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சரிவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

கத்துங்கள், மற்றவர்கள் உங்களைப் பார்க்கட்டும். காற்றுப்பை இருந்தால் உடனே இழுங்கள். பக்கவாட்டில் வெளியேற முடிந்தால் வெளியேறுங்கள், கைக்கோல்களை விட்டுவிடுங்கள். மேலே மிதக்கப் போராடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், பனி வேகம் குறையும் முன் ஒரு கையை முகத்தின் முன் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் உண்டாக்குவது. நின்ற மறுகணம் பனி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது.

நண்பர் புதைந்துவிட்டார். உதவிக்கு ஆள் கூப்பிடப் போகலாமா?

கூட வந்தவர்கள்தாம் உதவி. சுவிட்சர்லாந்தில் 40 ஆண்டு விபத்துகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வின்படி, முழுவதும் புதைந்தவர்களை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 10 நிமிடத்துக்கும் 30 நிமிடத்துக்கும் இடையில் அது பத்தில் மூன்று பேராகச் சரிந்துவிடுகிறது. மூச்சு முட்டல்தான் முதல் எமன். கீழேயிருந்து மீட்புக் குழு எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்து சேராது. ஆள் நிறைய இருந்தால் ஒருவர் தகவல் சொல்லட்டும், மற்றவர்கள் தேடட்டும்.

மேலே இன்னும் தொங்கும் பனி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது சரிவு மீட்கப் போனவர்களை அடித்துக்கொண்டு போகும். கடைசியாக அவரை எங்கே கண்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் டிரான்ஸீவரைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருவர் மறந்தாலும் எல்லோரும் அவரையே கண்டுபிடித்துக்கொண்டிருப்பீர்கள். குவியலில் கையுறை, கோல், காலணி ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்குங்கள். சமிக்ஞை மிக நெருக்கமாகக் காட்டும் இடத்தில் கம்பால், பரப்புக்குச் செங்குத்தாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் குத்துங்கள். ஆள் தட்டுப்பட்டால் கம்பை எடுக்காதீர்கள்.

பிறகு தோண்டல். நேரத்தைத் தின்பது இதுதான். சரிந்து இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ எடை இருக்கும். கம்புக்கு நேர் மேலே குழி பறிக்காமல், சற்றுக் கீழ்ச்சரிவில் தொடங்கிப் பக்கவாட்டில் உள்ளே போங்கள். மாறி மாறித் தோண்டுங்கள். முகத்தையும் மார்பையும் முதலில் விடுவித்து, வாயில் அடைத்த பனியை எடுத்துவிட்டு மூச்சைப் பாருங்கள்.

சியாச்சினில் ஒருவர் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டாரே?

2016 பிப்ரவரி 3 அன்று, 19,000 அடிக்கு மேலே இருந்த சோனம் காவல் நிலை பனிக்குள் புதைந்தது. அங்கிருந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியனில் பணியாற்றியவர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். கர்நாடகத்தின் தார்வாடு மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்டார். நாடே வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்தார்.

அவர் கூடாரத்துக்குள் புதைந்திருந்தார், சுற்றிலும் காற்று இருந்தது. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணா அருகே எல்லைச் சாலைத் தொழிலாளர்கள் 54 பேர் பனியில் சிக்கியபோது 46 பேர் பிழைத்ததற்கும் அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள் பெரிய காரணம். திறந்த சரிவில், உடலை ஒட்டிப் பனி இறுகியபடி புதைகிற சறுக்காளருக்கு அப்படி ஓர் அறை கிடையாது. தேடுகிறவர்கள் நம்பிக்கை இழக்காதிருக்க ஹனுமந்தப்பா போதும். சரிவில் இறங்கலாமா என்று முடிவெடுக்க அவரைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

வழிகாட்டியை அமர்த்தினால் போதுமா? அவர் போகலாம் என்றால் போகலாமா?

நல்ல வழிகாட்டி அவசியம். ஆனால் அவரை எப்படி நடத்துகிறோம் என்பதும் பேசப்பட வேண்டியது. சென்னையிலிருந்து இரண்டு விமானம் பிடித்து, விடுப்பு எடுத்து, முன்பணம் கட்டி வந்திருக்கிறோம். மூன்று நாள் புயலில் அறைக்குள் முடங்கிக் கிடந்தாயிற்று. நாளை மறுநாள் திரும்ப டிக்கெட். இந்த மனநிலையில் ‘இன்றைக்கு மேலே வேண்டாம் சார்’ என்று சொல்கிறவரைக் கோழை என்பதும், அழைத்துப்போகிறவருக்குக் கூடுதல் பணம் தருவதும் நாம்தான். பருவத்தில் சில மாதம் மட்டுமே வருமானம் பார்க்கிற ஓர் உள்ளூர் இளைஞருக்கு அந்த அழுத்தத்தைத் தாங்குவது எளிதல்ல.

அமர்த்தும்போதே சொல்லிவிடுங்கள்: நீங்கள் வேண்டாம் என்றால் மறுகேள்வி இல்லை, அன்றைய கூலி குறையாது. பிறகு கேளுங்கள்: அடியில் உதிரி அடுக்கு இருக்கிறதா? காற்று எந்தப் பக்கம் அடித்தது? எத்தனை பாகைச் சரிவில் போகப் போகிறோம்? எல்லோரிடமும் மூன்று கருவியும் இருக்கிறதா? திரும்பும் வழி எது? பதிலாகச் சிரிப்பு மட்டும் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். சரிவில் ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும். மற்றவர்கள் ஒதுக்கான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். கூட்டமாக இறங்கவிடுகிற வழிகாட்டியும் வேண்டாம்.

நடைப்பயணத்தில் கூடாரத்தில் இருக்கும்போது புயல் பிடித்துக்கொண்டால்?

கூடாரம் எங்கே என்பதை வானம் தெளிவாக இருக்கும்போதே தீர்மானித்திருக்க வேண்டும்: சரிவின் அடிவாரத்தில் அல்ல, ஓடையில் அல்ல, மரமே இல்லாத நீளமான கோடு காட்டில் இறங்கி வரும் இடத்திலும் அல்ல. பாதுகாப்பான இடத்தில் இருந்தால் அங்கேயே இருங்கள். உணவு ஒரு நாள் தள்ளிப்போவது பசி; பார்வை இல்லாமல் சரிவைக் கடப்பது வேறு. கூடாரத்தின்மேல் படியும் பனியை இரவிலும் எழுந்து தள்ளுங்கள், காற்றுவழியை அடைக்க விடாதீர்கள், மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும்.

கைப்பேசி வேலை செய்யுமா? யாரை அழைப்பது?

அவசர எண் 112. ஆனால் வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது. போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும். இதை ஸ்ரீநகர் விமான நிலையத்தில் இறங்கிய பிறகு கண்டுபிடிக்கிற குடும்பங்கள் உண்டு. குழுவில் குறைந்தது இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். குளிரில் மின்கலம் வேகமாக இறங்கும், உட்சட்டைப் பையில் வையுங்கள். ஆனால் டிரான்ஸீவருக்கு எதிர்ப்பக்கத்தில், தள்ளி. கோண்டோலா ஊழியர்கள், உங்கள் விடுதி, வழிகாட்டியின் தலைவர் ஆகியோரின் எண்களைத் தாளிலும் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே மலையேறுகிறவர்கள் சாதாரணமாக எடுத்துச்செல்லும் செயற்கைக்கோள் தொலைபேசியையும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகளையும் இந்தியாவில் முன் அனுமதியின்றி வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையச் சோதனையில் பிடிபட்டு வழக்கில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.